‘யாரோ’வுக்கு முன்னால்

என் அக்கா புருஷன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் நடித்தார். அதுவும் கட்டாயத்தின் பேரில். அவர் தொலைக்காட்சித் தொடர்களுக்கு விளக்குப் போடுகிற ஆள். படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரும் அவரை ‘லைட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். காவலாளி வேஷம் கட்ட வேண்டியவருக்கு அன்றைக்கு வயிற்றுப்போக்கு. அவருக்கு வைத்திருந்த சட்டை அத்தானுக்குச் சரியாக இருந்தது. அந்த ஒரு தகுதியில் அவரை நடிகராக்கிவிட்டார்கள். கேட்டைத் திறந்துகொண்டு வந்து, வீட்டுக்கார அம்மாவிடம், “அம்மா, உங்களைப் பார்க்க யாரோ வந்திருக்காங்க” என்று சொல்லவேண்டும். சொன்னார். ‘யாரோ’வுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, கேமராவுக்கு ஓரமாக எதையோ பார்த்துவிட்டுச் சொன்னார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விளக்கைத் தூக்கப் போய்விட்டார்.

அந்தத் தொடர் முடிந்தது. அதை ஒளிபரப்பிய சேனலும் இழுத்து மூடப்பட்டது. அதற்கப்புறம் ஒரு மழை நாளில், வேலை முடிந்து திரும்பி வந்தவரின் வண்டியை லாரி அடித்தது. அவருடைய போனும் அவரோடு நசுங்கிப் போனது. சுவரில் தொங்கிய கல்யாணப் படம் தவிர, வீட்டில் இருந்த எல்லாப் படமும் எல்லாப் பேச்சும் அதில்தான் இருந்தன. அக்காவிடம் இருந்தது பொத்தான் போன்.

அக்கா மகள் குட்டிக்கு அப்போது பேச்சே முழுசாக வரவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு நாள் கேட்டாள்: “மாமா, அப்பா எப்படிப் பேசுவாரு?”

“கொஞ்சம் கரகரன்னு இருக்கும்.”

“காக்கா மாதிரியா?”

“சேச்சே. இது வேற கரகர.”

அதிலிருந்து பஸ்ஸில் எந்த ஆம்பளை வாயைத் திறந்தாலும் என் சட்டையை இழுப்பாள். “இந்த மாதிரியா? இந்த மாதிரியா?” டிக்கெட் கேட்கிறவர், சண்டை போடுகிறவர், போனில் பொய் சொல்கிறவர் என்று ஊரில் உள்ள அத்தனை ஆண் குரலையும் அவள் போட்டுப் பார்த்துவிட்டாள். எதுவும் பொருந்தவில்லை. போகப்போக எனக்கே அவர் குரல் மங்க ஆரம்பித்தது.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். யாரிடமும் வாய்விட்டு எதையும் கேட்கிற பழக்கம் கிடையாது. அவள் கேட்டாள்: “அந்த ஒரு சீனை மட்டும் எங்கேயாவது வாங்கிட்டு வரமுடியுமாடா?”

விசாரித்தேன். மூடிப்போன சேனலின் சரக்கு மொத்தமும் ‘திரைப்படம் மற்றும் தொடர்களின் பொருளாய்வு உயர்நிலை நிறுவனம்’ என்ற இடத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். எத்தனையோ ஆபீசுக்குள் நுழைந்து வந்திருக்கிறேன். இதென்ன பெரிய இது என்று கிளம்பினேன்.

வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை மேஜையில் ஒரு அம்மா நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: “நீங்க வாசகரா, பிரதியா, சூழலா?”

“மச்சான்” என்றேன்.

அந்தம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சூழல்” என்று முடிவு செய்து ஒரு நீலப் பட்டையைக் கையில் கட்டிவிட்டார்.

“ஒண்ணுமில்லம்மா, ஒரு சின்ன சீன் பார்க்கணும்.”

“இங்க யாரும் எதையும் பார்க்கக்கூடாது” என்றார். “வாசிக்கணும். பார்க்கறதெல்லாம் வெளியில வச்சுக்கங்க.”

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: ‘ரசிக்காதீர்.’ அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: ‘சிரிப்பு வந்தால் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும்.’

மாடியில் நீளமான நடை. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. வெளியே பட்டப்பகல், உள்ளே எந்நேரமும் சாயங்காலம். பாதி தூரம் போயிருப்பேன், இடது பக்கக் கதவுக்குப் பின்னாலிருந்து அத்தான் பேசினார்.

“அம்மா, உங்களைப் பார்க்க... யாரோ வந்திருக்காங்க.”

கதவோரமாக நின்றுவிட்டேன். மங்கிப்போயிருந்த குரல் அப்படியே கரகரவென்று காதுக்குள் வந்து உட்கார்ந்தது. அது அடங்குவதற்குள் எதிர்க் கதவுக்குப் பின்னால் மறுபடி அவரே. இந்த முறை ரொம்ப மெதுவாக, கிணற்றுக்குள் விழுந்தவர் கூப்பிடுவதுபோல: “அ...ம்...மா...” அடுத்த கதவில் வெறும் ‘யாரோ’. யாரோ, யாரோ, யாரோ. அதற்கடுத்ததில் பேச்சே இல்லை. அவர் மூச்சு இழுப்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. புதைத்துவிட்டு வந்த மனுஷன் அந்த நடை முழுக்க அறை அறையாகக் குடியிருந்தார்.

தலை பாதி நரைத்த ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு வந்து, என்னைப் பார்த்து, “சூழலா? ஓரமா நில்லுங்க” என்றார்.

“உள்ள பேசறது யாருங்க?”

“காவலாளி. எங்களுக்குப் பிரதானப் பாடமே அதுதான். அந்த நிறுத்தம் இருக்கே, ‘யாரோ’வுக்கு முன்னால, அதை வச்சுத்தான் இந்த நிறுவனமே பேர் வாங்கிச்சு.”

“நீங்க இங்க வாத்தியாருங்களா?”

“ஆராய்ச்சி மாணவி. சின்ன வயசுல சேர்ந்தேன். இப்ப ‘அம்மா’ வரைக்கும் வந்திருக்கேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: “வெளியில போனா யாருகிட்டயும் பேசமுடியலைங்க. எங்கம்மா சோறு போட்டுக்கிட்டே ஏதோ சொல்லுவாங்க. நான் எப்ப வெட்டு வந்து காட்சி மாறும்னு பார்த்துட்டே இருப்பேன். வராது. அவங்க பாட்டுக்குப் பேசிட்டே இருப்பாங்க. பயமா இருக்கும்.”

நிறுவனத்தின் தலைவரைப் பேராசிரியர் என்றார்கள். அந்த நிறுத்தத்தைப் பற்றி மூன்று தடிப் புத்தகம் எழுதியவர். மூன்றும் மேஜைமேல் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அந்தக் காவலாளி என் அத்தான், அவர் இறந்துவிட்டார், மகளுக்குக் குரல் கேட்கவேண்டும் என்றேன்.

பேராசிரியர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ரொம்ப சந்தோஷம்! படைப்பு பிறந்ததுமே படைப்பாளி செத்துட்டான், செத்துட்டான்னு நாங்க எத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கோம். இப்பதான் முதல் தடவையா ஆதாரத்தோட ஒருத்தர் வந்திருக்கீங்க.”

“அவரு படைப்பாளி இல்லைங்க. லைட் போடறவரு.”

“அதெல்லாம் பரவாயில்ல. உட்காருங்க.” அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “தம்பி, ஜனங்க தொடரைப் பார்த்துட்டு அழறாங்க. பாவம். அது வெறும் வெளிச்சம், வெட்டு, பின்னணி இசை. அது தெரியாம அழறாங்க. அந்த அழுகையிலேர்ந்து அவங்களை விடுதலை பண்றதுதான் எங்க வேலை. முதல்ல என்னை நானே பண்ணிக்கிட்டேன். என் சம்சாரம் செத்தப்ப நான் அழலை. ஆம்புலன்ஸ் வந்து நின்ன கோணம் சரியில்லைன்னு மட்டும் தோணுச்சு.” அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஏதோ ஒரு நொடி ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே கறுப்புத் துணிதான் இருந்தது.

நகல் மட்டும் தரமுடியாதாம். காட்சியைத் தொடரிலிருந்து பிய்த்து எடுத்தால் பொருள் கசிந்துவிடும். தவிர, படத்துக்கு ஒரு பிரிவு, ஒலிக்கு ஒரு பிரிவு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல காலம் ஆகிறது.

“அப்ப பிள்ளையை இங்க கூட்டிட்டு வரட்டுமா? நடையில நின்னு கேட்டாக்கூடப் போதும்.”

“ஒலிப் பிரிவுக்குள்ள குழந்தைங்களுக்கு அனுமதி இல்ல. நம்பிடுவாங்க.” பிறகு அவர் முகம் மலர்ந்தது. “வர்ற கருத்தரங்குக்கு வேணா வாங்க. படப் பிரிவு நடத்துது. குடும்பத்தோட வாங்க. ‘எஞ்சிய பார்வையாளர்கள்’னு உங்களுக்கு முன்வரிசையே போட்டுடறேன்.”

அக்கா அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, குட்டிக்குத் தலைவாரி, புதுச் சட்டை போட்டுக் கூட்டிவந்தாள். கல்யாண வீட்டுக்குப் போவதுபோலத்தான் போனோம்.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் அக்கா என் தோளைப் பிடித்தாள். சுவர் அளவுக்கு அத்தான் நின்றுகொண்டிருந்தார். காவலாளித் தொப்பி, பாதி திறந்த வாய், ஓரமாகப் போன பார்வை. உறைந்துபோன ஒரு நொடி. ஒரு கண் மட்டும் ஜன்னல் அளவு இருந்தது. அவருக்குக் கீழே மேஜை போட்டு நான்கைந்து பேர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஒருவர் எழுந்து, காவலாளியின் நிறுத்தம் கூலி உழைப்பின் மௌன வேலைநிறுத்தம் என்று நிறுவினார். கைதட்டல். அடுத்து, தடித்த கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவர் எழுந்தார். கண்ணாடிக்காரர் சத்தம் போடாமல் பேசினார்.

“இந்தக் காட்சியில வந்திருக்கிறது யார்? கடைசிவரைக்கும் காட்டலை. காவலாளிக்கு மட்டும் தெரியுது. சொல்லத் தயங்கறார். ‘யாரோ’ங்கறார். வந்திருக்கிறது மரணம். அது அந்த அம்மாவைத் தேடி வரலை. காவலாளியைத் தேடித்தான் வந்திருக்கு. அவர் பார்வை போற திசையில அது நிக்குது.”

அக்காவின் கை என் கைக்குள் இருந்தது. அது ஐஸ்பெட்டிக்குள் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் காட்சியை ஓட்டினார்கள். அத்தான் கேட்டைத் திறந்தார். நடந்து வந்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. ஒலி வேறு பிரிவாயிற்றே. குட்டி நாற்காலியிலிருந்து இறங்கி, ஓடிப்போய்த் திரையில் காதை வைத்துக்கொண்டாள். அவள் நிழல் அப்பாவின் நெஞ்சில் விழுந்தது.

“கேக்கலையே மாமா” என்று அங்கிருந்து கத்தினாள்.

முன்வரிசையில் எல்லோரும் பரபரவென்று குறிப்பெடுத்தார்கள். ஒருவர், “அற்புதமான தலையீடு” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். “ஐயா, அவரு நடிச்சுப் பழக்கமில்லாதவரு. வசனம் மறந்திருக்கும். அதான் நின்னிருப்பாரு.”

அரங்கம் முழுக்க என் பக்கம் திரும்பியது. அடித்துத் துரத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். பேராசிரியர் மெல்லத் தலையாட்டினார். “மறதி” என்றார். “நாம இதைத் தவறவிட்டுட்டோம்.” அந்த மேடையிலேயே மறதியியல் பிரிவு என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதற்குத் தலைவர், துணைத் தலைவர், இணைத் தலைவர் எல்லோரும் போடப்பட்டார்கள். மூன்று பேரும் அப்போதே ஒருவரை ஒருவர் முறைக்க ஆரம்பித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குட்டி தூங்கிவிட்டாள். அக்கா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அப்பவே அவருக்குத் தெரிஞ்சிருக்குமோடா?”

“லூசு மாதிரிப் பேசாதக்கா.”

“இல்லடா. அந்தப் பக்கம் எதைப் பார்த்தாரு?”

அந்தக் கண்ணாடிக்காரர் சொன்னது அவளுக்குள் முள்ளாக ஏறிவிட்டது. அதற்குப்பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து, அந்த நிறுவனத்தில் மத்தியான வகுப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். படித்துத் தேறினவர்களுக்கு மட்டும் நகல் கொடுப்பார்களாம். அதற்குள் அவர் எதைப் பார்த்தார் என்றும் தெரிந்துவிடும். நான் வேண்டாம் என்றேன். “நீ வேணா பிள்ளைக்கு அவரு மாதிரிப் பேசிக் காட்டேன்” என்றாள்.

காலையில் மருந்துக்கடை, மத்தியானம் வகுப்பு. முதலில் நன்றாகத்தான் இருந்தது. வந்ததும், “இன்னிக்கு அவரு குரலை ரெண்டு தடவை கேட்டேன்டா” என்பாள். கண் கலங்கியிருக்கும். கலங்கினால் வகுப்பிலிருந்து வெளியே நிறுத்திவிடுவார்களாம். அதனால் கலங்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். பழகப் பழகப் பேச்சு மாறியது. ‘இவங்கப்பா’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ‘காவலாளி’ என்று சொல்ல ஆரம்பித்தாள். சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி வைத்தாள். கேட்டதற்கு, “தலைக்கு மேல இடம் ஜாஸ்தி விட்டிருக்கான் போட்டோக்காரன்” என்றாள். கடைக்கு இருமிக்கொண்டு வந்த பெரியவரிடம், “இந்த இருமல் எதைக் குறிக்குது?” என்று கேட்டிருக்கிறாள். அவர், “சளியைத்தாம்மா” என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

குட்டி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு அழுதபோது அக்கா குனிந்து பார்த்தாள். “அழறதுக்கு முன்னாடி, யார் பார்க்கணும்னு அழறேன்னு யோசி” என்றாள். குட்டி யோசித்தாள். அழுகையை நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் அவள் என்னிடம்தான் வந்து அழுவாள், அதுவும் சத்தமில்லாமல்.

ஒரு வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒருவர்தான் குறைவார் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது ஆளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தாள்.

நிறுவனத்தில் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவள் எழுதிய ‘காவலாளியின் இன்மை’ என்ற ஆய்வைப் பேராசிரியர் தன் நாலாவது தடிப் புத்தகத்தில் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு மதித்தார். கடைசித் தேர்வில் படப் பிரிவும் ஒலிப் பிரிவும் முதல்முறையாகச் சேர்ந்து காட்சியை முழுதாக ஓட்டின. காட்சி ஓட ஓட மாணவர் பார்க்கவேண்டும். ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் பஞ்சு ஒட்டினார்கள். அக்காவின் பஞ்சு காய்ந்தபடி வந்தது. அந்தப் பஞ்சைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு வரவேற்பறையில் வைத்தார்கள்.

பட்டம் கொடுக்கும்போது பேராசிரியர் பேசினார்: “விதவையாக வந்தார். வாசகராகச் செல்கிறார். இனி இவரைப் பொறுத்தவரை வீட்டில் யாரும் இறக்கவில்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

நகல் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. வீடு ஆபத்தான இடம் என்பதால், வீட்டில் முதல்முறை ஓட்டும்போது நிறுவனத்தின் ஆள் ஒருவர் கூட இருப்பார். யாராவது உணர்ச்சிவசப்பட்டால் நகலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக்காரர் வந்தார். எங்கள் வீட்டின் ஒரே நல்ல நாற்காலியை அக்காவின் முகம் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குட்டி அக்கா மடியில். நான் டிவியை ஓட்டினேன்.

கேட் திறந்தது. அத்தான் வந்தார். அக்கா உடனே ஆரம்பித்தாள், பாடம் ஒப்பிக்கிற குரலில்: “கவனி. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருது. காவலாளி படச் சட்டத்தோட விளிம்பில நிக்கிறதால அவருடைய இருப்பு...”

குட்டி திரும்பாமலே கையைப் பின்னால் கொண்டுபோய், அம்மா வாயைப் பொத்தினாள்.

“பேசாதம்மா. அப்பா பேசறாரு.”

அத்தான் பேசினார். அந்தச் சின்ன அறையில், துணிக்கொடிக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவில், வேகம் கூட்டாமல் குறைக்காமல், பேசுகிற மாதிரியே பேசினார். குட்டி மூச்சுவிடாமல் கேட்டாள். நான் டிவியைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் இடுக்கில் ஈரம் மினுங்கியது. அப்புறம் புறங்கையில் வழிந்தது.

நான் எழுந்துபோய் நாற்காலிக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றேன்.

“தம்பி, மறைக்கறீங்க.”

“குடிக்க ஜில்லுன்னு தண்ணி தரட்டுமா சார்?”

“வேண்டாம். கொஞ்சம் நகருங்க.”

“ஃப்ரிட்ஜ் தண்ணி சார்.”

“வேண்டாம்ங்கறேனே.”

“நானே ரிப்பேர் பண்ண ஃப்ரிட்ஜ் சார்” என்று சொல்லிக்கொண்டே இடதுபக்கம் சாய்ந்தவருக்கு இடதுபக்கமும், வலதுபக்கம் சாய்ந்தவருக்கு வலதுபக்கமும் நான் நகர்ந்தேன். அதற்குள் காட்சி முடிந்துவிட்டது. கண்ணாடிக்காரர் எழுந்தார். அவரை வாசல் வரைக்கும் முதுகில் கைவைத்துக் கூட்டிப்போனேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “அந்தம்மா ஏதாவது உணர்ந்தாங்களா?”

“இல்ல சார். ஒண்ணுமே உணரலை.”

“நல்லது.” படியில் இறங்கினவர் நின்றார். “அவரு... நிஜமாவே ஒரு ஆளா? வீட்டுல நடமாடிக்கிட்டு, சாப்பிட்டுக்கிட்டு?”

“ஆமா சார். உங்க பின்னாடி நீங்க தலை சாய்ச்சிருந்த சுவத்துல எண்ணெய்க் கறை இருந்திச்சே, அது அவரு தலை.”

கண்ணாடிக்காரர் தன் பின்னந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இறங்கிப் போனார். தெருமுனை திரும்பும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

உள்ளே குட்டி மறுபடி ஓட்டியிருந்தாள். அந்த நிறுத்தம் வந்த இடத்தில், அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “அம்மா, அப்பா அந்தப் பக்கம் யாரைப் பார்க்கறாரு?”

அதைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவள் டிவியைப் பார்த்தாள்.

“தெரியலடி” என்றாள்.

சொல்லிவிட்டு அவள் அழுத அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஓடிப்போய்க் கதவைத் தாழ் போட்டேன்.